"பேசாம ரெஸ்ட் எடுங்க"

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் எந்த ஃபேஸ், எந்தத் தெருவாக இருந்தாலும் சரி, வயசானவங்க இருக்கிற வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்னா இந்த வாக்கியம் காதில் விழும்: "நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? பேசாம ரெஸ்ட் எடுங்க." தாத்தா ரேஷன் கார்டைக் கையில் எடுத்தா, "வெயில்ல நீங்க எதுக்கு, நான் போய்க்கிறேன்." ஆயா பூண்டு உரிக்க உட்கார்ந்தா, "உரிச்ச பூண்டே கடையில கிடைக்குது, போய்ப் படுங்க." உங்க வீட்டிலும் கேட்டிருப்பீங்க. நீங்களே சொல்லியும் இருப்பீங்க.

அன்பில் சொல்றதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா இந்த அன்பு அவங்க மூளைக்கு நல்லதா? இல்லை என்பது என் கட்சி. ஓய்வே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. நாம கொடுக்கிறது ஓய்வே இல்லை. பகலிலிருந்து பகலையும், ராத்திரியிலிருந்து ராத்திரியையும் பிடுங்கிட்டு, நடுவில் மங்கலா ஒரு நீண்ட மதியத்தைக் கொடுக்கிறோம்.

கொஞ்சம் சயின்ஸ் பேசிட்டு வந்துடலாம். நாம எல்லாரும் இன்ஜினியரிங் பசங்க, தாங்குவோம்.

மூளையின் அடிப்பகுதியில், ரெண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கு. உடம்பின் மாஸ்டர் கிளாக் அதுதான். எப்போ உடல் சூடு ஏறணும், எப்போ மெலடோனின் சுரக்கணும், எப்போ தூக்கம் வரணும் என்பதற்கெல்லாம் அங்கிருந்துதான் சிக்னல் போகும். ஆனா இந்தக் கடிகாரம் சரியா 24 மணி நேரத்துக்கு ஓடாது. சராசரியா பத்து நிமிஷம் போல அதிகமா ஓடும். எம்பெடட் லேபில் ஆர்டிசி சிப்பை நேரம் திருத்தாம விட்டா நாளுக்குக் கொஞ்சமா நகர்ந்துகிட்டே போகுமே, அதே கதை. தினமும் யாராவது வந்து நேரத்தைச் சரி செய்யணும். அந்த வேலையில் பெரும்பங்கு காலை வெளிச்சத்துக்கு. சாப்பாட்டு நேரம், நடமாட்டம், வீட்டில் ஆளுங்க வந்து போகும் சத்தம் எல்லாம் அதுக்குத் துணை.

வயசாக ஆக ரெண்டு பக்கமும் அடி விழுது. கடிகாரத்திலிருந்து வர்ற சிக்னலே பலவீனமாகுது. கண்ணின் லென்ஸ் மஞ்சளிச்சு, நேரம் திருத்த உதவும் நீல வெளிச்சம் உள்ளே போறதும் குறையுது. புரை விழுந்திருந்தா இன்னும் மோசம். அதாவது நம்ம வயசில் ஒரு நாள் வெளியே போகலைன்னா தாங்கும் கடிகாரம், 75 வயசில் தாங்காது. வெளிச்சமும் ஒழுங்கும் அவங்களுக்குத்தான் நம்மைவிட அதிகமா தேவை. நாம ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, "படுங்க" என்கிறோம்.

இதை எப்படி அளக்கிறாங்க என்பது உங்களுக்குப் பிடிக்கும். பெருசா ஒன்னும் இல்லை, உங்க மொபைலில் இருக்கும் அதே ஆக்சிலரோமீட்டர்தான். கையில் வாட்ச் மாதிரி கட்டிவிட்டு, ஒரு வாரம், பத்து நாள் அசைவை நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு செய்வாங்க. ஒரு நாளில் மிகவும் சுறுசுறுப்பான 10 மணி நேரத்தின் சராசரி எம்10. மிகவும் அமைதியான 5 மணி நேரத்தின் சராசரி எல்5. ரெண்டின் வித்தியாசத்தை ரெண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தா, பகலும் இரவும் எவ்வளவு தெளிவா பிரிஞ்சிருக்குன்னு ஒரு எண் கிடைக்கும். 1-க்குப் பக்கத்தில் இருந்தா பகல் பகலாவும் இரவு இரவாவும் இருக்கு. கீழே இறங்கினா அலை தட்டையாகுது. இதோடு, நேத்து மாதிரியே இன்னைக்கும் இருக்கா, ஒரே நாளுக்குள் அசைவும் அமைதியும் எத்தனை தடவை மாறி மாறி வருது என்பதையும் கணக்குப் போடுவாங்க. நம்ம சிக்னல்ஸ் பேப்பரில் வர்ற கணக்கைவிட ரொம்ப சுலபம்.

இந்த எண்களை வைத்து மூளையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், டிமென்ஷியா இல்லாத 1,282 மூத்த பெண்களின் அசைவைப் பதிவு செய்து, சுமார் 5 வருஷம் கழிச்சு மறுபடி பார்த்தாங்க. அலை தட்டையா இருந்தவங்களுக்கு டிமென்ஷியாவோ அதற்கு முந்தைய கட்ட மறதியோ வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பகலின் உச்ச சுறுசுறுப்பு ரொம்ப தாமதமா வந்தவங்களுக்கும் வாய்ப்பு கூடுதல். 2013-ல் சிகாகோ ஆய்வு ஒன்று 737 பேரின் தூக்கத்தைப் பார்த்தது. அடிக்கடி துண்டுபட்ட தூக்கம் உள்ளவங்களுக்கு, துண்டுபடாதவங்களைவிட அல்சைமர் வரும் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. 2022-ல் 1,401 பேரை 14 வருஷம் வரை தொடர்ந்த ஆய்வில், பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குறவங்களுக்கு அபாயம் 40 சதவீதம் அதிகம்னு வந்தது.

இங்கே யாராவது கை தூக்கணும். "கோரிலேஷன் வேற, காரணம் வேற" என்று. சரியான கேள்வி. அல்சைமர் என்பது மறதி தெரியறதுக்குப் பத்து, பதினைந்து வருஷம் முன்னாடியே மூளைக்குள்ள வேலையை ஆரம்பிச்சிடும் நோய். அது முதலில் கடிகாரத்தைக் கெடுத்து, பிறகு ஞாபகத்தில் கை வைக்கலாம். அப்படின்னா பகல் தூக்கம் காரணம் இல்லை, அறிகுறி. அந்த 2022 ஆய்வே ரெண்டு திசையிலும் அம்பு போட்டிருக்கு: பகல் தூக்கம் கூடினா மறதி அபாயம் கூடுது, அல்சைமர் முற்றினா பகல் தூக்கமும் கூடுது. ஒன்றை ஒன்று தள்ளிவிடும் பாசிட்டிவ் ஃபீட்பேக். ஆக, "பகலில் தூங்கினா டிமென்ஷியா வரும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஆயாவைப் பயமுறுத்தாதீங்க. அரை மணி நேரம் கண் அசர்றதை யாரும் குற்றம் சொல்லலை. ஃபீட்பேக் லூப்பில் நம்ம கை எட்டும் இடம் எது என்பதுதான் எனக்கு முக்கியம். கை எட்டும் இடம் ஒன்று இருக்கு. அதுக்கு மதுரை வரை போகணும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார். உயிர்க் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சியை இந்தியாவில் வேரூன்ற வைத்தவர்களில் முக்கியமானவர். 1980-களின் தொடக்கத்தில் அவரும் ஜி. மாரிமுத்துவும் மற்றவங்களும் வௌவால்களை வைத்து ஒரு சோதனை செய்தாங்க. குகைக்குள்ளே வெளிச்சமே எட்டாத இருட்டில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தாங்க. அதைச் சுற்றி அதே இனத்து வௌவால்கள் சுதந்திரமா வாழ்ந்தன. அவை சாயங்காலம் வெளியே பறந்து போகும், விடியலில் திரும்பி வரும். கூண்டில் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அதன் கடிகாரம் சரியா 24 மணி நேரத்தில் ஓடியது. அதே மாதிரி ஒரு வௌவாலை யாரும் இல்லாத குகையில் தனியா வைத்தப்போ, அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துகிட்டே போனது. மத்தவங்க கிளம்புற சத்தமும் திரும்புற சத்தமும்தான் அதுக்கு மணி.

பின்னாடி இன்னொரு சோதனை. இந்த முறை கூண்டுக்குள் வேறு இனத்து வௌவால், சுற்றிலும் பழைய கூட்டம். கடிகாரம் ஒட்டவே இல்லை. தன் ஆளுங்க இல்லாதவங்க எழுப்பற சத்தத்தை அது நேரமா எடுத்துக்கலை. மதியம் முழுக்க ஹாலில் ஓடுற சீரியலை நினைச்சுக்கிட்டேன். நீங்களும் நினைச்சுக்கலாம்.

மனுஷன் வௌவால் இல்லை, தெரியும். நமக்கு வெளிச்சம்தான் முதல் மணி, ஆளுங்களோட போக்குவரத்து அதுக்கப்புறம்தான். ஆனா வீட்டில் ஆள் நடமாட்டம் வந்தா கூடவே என்னென்ன வரும் யோசிங்க. காலையில் கதவு திறக்கும், வெளிச்சம் வரும். காபி வரும். "இந்தச் சட்டையை மடிச்சு வையுங்க" என்று ஒரு வேலை வரும். ராத்திரி எல்லாரும் படுத்தா விளக்கு அணையும்.

இப்போ நம்ம பக்கத்து வீடுகளுக்கு வாங்க. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும், இந்தப் பக்கம் ராணிப்பேட்டை வரைக்கும் தோல் தொழில்தான் நேரத்தை நிர்ணயித்தது. டேனரிக்குப் போனவங்களுக்கு ஷிஃப்ட், ஷூ கம்பெனிக்குப் போற பெண்களுக்கு விடியலில் தெருமுனைக்கு வரும் கம்பெனி பஸ். அவங்க சாயங்காலம் இருட்டினப்புறம் திரும்புவாங்க. பிள்ளைங்க ஸ்கூல், காலேஜ். காலை 7 மணியிலிருந்து ராத்திரி 7 மணி வரைக்கும் வீட்டில் தாத்தாவோ ஆயாவோ, அடுத்த தெருவில் நானியோ, தனியா. கிரில் கேட் பூட்டியிருக்கும், பாதுகாப்புக்காக. டிஃபன் பாக்ஸில் சாப்பாடு இருக்கும். வௌவால் இல்லாத குகை என்று சொன்னா கொஞ்சம் அதிகப்படிதான். ஆனா ரொம்ப அதிகப்படி இல்லை.

இதோடு வேலூர் வெயில். மே மாசம் பத்து மணிக்கு மேல் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது. திரைச்சீலையை இழுத்து விடறதைத் தவிர வேற வழியும் இல்லை. அப்போ அந்த ரூமில் இருப்பது நூறு, இருநூறு லக்ஸ். காலை 6 மணிக்கு மொட்டை மாடியில் நின்னா, மேகம் இருந்தாலும் அதைப் போலப் பல மடங்கு. சென்னைக்காரங்க காலை ஏழரை மணிக்கு வாக்கிங் போகலாம். நம்ம ஊரில் கோடைக்கு அது லேட். வெயில் ஏறுவதற்கு முன்னாடி கிடைக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டா, அன்னைக்கு அவங்க கண்ணுக்கு வெளிச்சமே இல்லை.

எங்க தெருவில் ஒருவர் இருக்கார். பெயர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல டேனரி வேலை. அஞ்சு மணிக்கு எழுந்து, ஆறரைக்கு பஸ் ஏறினவர். ரிட்டயர் ஆனதும் பிள்ளைங்க சொன்னது என்னன்னு நான் எழுத வேண்டாம், தலைப்பிலேயே இருக்கு. முதலில் மதியம் ஒரு தூக்கம். அப்புறம் காலை டிஃபனுக்குப் பிறகும் ஒன்று. அப்புறம் சாயங்காலம் டிவி முன்னாடி. ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து சட்டை போட்டு, கிரில் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு "பஸ் போயிடுச்சா?" என்று கேட்க ஆரம்பிச்சார். வீட்டில் தூக்க மாத்திரை கொடுத்தாங்க. மாத்திரை மயக்கத்தில் பாத்ரூம் போகும்போது ஒரு தடவை விழுந்தார். வேலைக்குப் போற மருமகளும் ராத்திரி தூங்கலை. அவங்க காலை பஸ்ஸைப் பிடிக்கணும். அவருக்கு நோய் எந்த வருஷம் ஆரம்பிச்சது, பகல் தூக்கம் அதைத் தூண்டியதா, அல்லது நோய்தான் பகல் தூக்கமா முதலில் தலை காட்டியதா, யாராலும் சொல்ல முடியாது. எனக்கு உறுத்துறது வேற. அவர் மாறிக்கிட்டு வர்றதை அந்த வீட்டில் ரெண்டு வருஷம் யாருமே கவனிக்கலை. ஏன்னா அவருக்குத் தப்பு செய்யக்கூட ஒரு வேலை இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. இங்கேதான் நம்ம ஊரின் பெயர் உலக மருத்துவத்தில் ஒரு முக்கியமான இடத்தில் வருது. 10/66 என்று ஒரு ஆராய்ச்சிக் குழு. டிமென்ஷியா உள்ளவங்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில், ஆனா அது பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளில் 10 சதவீதத்துக்கும் குறைவே அங்கே நடக்குது, அந்தக் கோபத்தில் வைத்த பெயர். 1998-ல் கொச்சியில் தொடங்கினாங்க. இந்தியாவில் ரெண்டு இடம் எடுத்தாங்க: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். நம்ம சிஎம்சி டாக்டர்கள் கணியம்பாடி பக்கத்து கிராமங்களில் வீடு வீடாகப் போய் 65 வயசுக்கு மேற்பட்டவங்களைப் பார்த்தாங்க.

2008-ல் முடிவுகள் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்தா, இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். ஆய்வு நடந்த எல்லா நாட்டு இடங்களிலும் அதுதான் ஆகக் குறைவு. கைதட்டறதுக்கு முன்னாடி அடுத்த வரியைப் படிங்க. அந்தக் குழுவே வளரும் நாடுகளுக்காகச் சோதித்து உருவாக்கிய இன்னொரு முறையில் பார்த்தப்போ, எந்த இடத்திலுமே 5.6 சதவீதத்துக்குக் குறையலை. அதே மனுஷங்க, வேற அளவுகோல்.

வித்தியாசம் எங்கே வந்தது? பழைய அளவுகோலில், ஞாபகம் குறைஞ்சதால் அன்றாட வேலை கெட்டிருக்கணும், அதை வீட்டில் இருப்பவங்க சொல்லணும். "அவங்க வழக்கமா செய்யுற வேலையில் தடுமாறுறாங்களா?" என்று கேட்டா, நம்ம வீட்டில் என்ன பதில் சொல்லுவாங்க? "அவங்களுக்கு என்ன வேலை? எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்." சாப்பாடு கைக்கு வருது, பென்ஷன் பேங்க் வேலை பிள்ளை பார்க்கிறான், கடைக்குப் போறதில்லை. கொஞ்சம் மறக்கிறாங்களா? வயசாச்சு. நம்ம பாசம் நோயை மறைச்சுடுது, கேள்வித்தாளில் 0.3-ஆ போய் விழுது. எனக்கு இதைவிட வலிக்கிற புள்ளிவிவரம் தெரியாது. 2023-ல் வந்த தேசிய அளவிலான கணக்கு, இந்தியாவில் 60 வயசுக்கு மேற்பட்டவங்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்வதாகச் சொல்லுது. அதில் பாதிப் பேருக்காவது வீட்டில் "வயசாச்சு" என்ற பெயர்தான் வைத்திருப்பாங்க என்பது என் ஊகம்.

இன்னொரு எதிர்ப்பும் எனக்குக் கேட்குது, இது நியாயமானது. "நாப்பது வருஷம் உழைச்சவங்க. இப்பவும் வேலை வாங்கணுமா?" வேலை வாங்கச் சொல்லலை. பல வீடுகளில் ஆயாவுக்கு ரிட்டயர்மெண்ட் என்ற ஒன்றே கிடையாது. மூட்டு வலியோடு மூணு வேளை சமைத்து, பேரப்பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறாங்க. அவங்களைப் பார்த்து "ஆகா, மூளைக்கு நல்லது" என்று சொன்னா அது அயோக்கியத்தனம். பகலில் நேரத்தோடு கட்டின ஒரு சின்ன வேலை, அவ்வளவுதான் நான் கேட்கிறது. காலை ஆறு மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து பால் வாங்குறது தாத்தாவின் பொறுப்பு, அதை வேற யாரும் தொடக்கூடாது. மாலை அஞ்சரைக்குச் செடிக்குத் தண்ணி. தெருமுனைக் கடையில் ஒரு பொருள், கணக்கோடு. ஒரு நாள் பால் வாங்க மறந்தா, சில்லறையில் தப்பு வந்தா, உங்களுக்குத் தெரியும். கடிகாரத்துக்கு மணியும் ஆச்சு, உங்களுக்கு அலாரமும் ஆச்சு.

ஹாஸ்டலில் இருக்கீங்களா? தினமும் ஒரே நேரத்தில் ரெண்டு நிமிஷம் போன் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் பேசறதைவிட இது மேல். காலை எட்டு மணிக்குன்னா எட்டு மணிக்கு. அந்த போனுக்காக எழுந்து, முகம் கழுவி, கண்ணாடியைத் தேடி வாசல் பக்கம் வந்து உட்காருவாங்க.

வெளிச்சம் உண்மையில் வேலை செய்யுதான்னா, அதுக்கும் சோதனை இருக்கு. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில், 189 பேரிடம், பகல் நேரத்து ஹால் விளக்கைச் சுமார் 1,000 லக்ஸ் வரை கூட்டிப் பல மாசம், சிலரிடம் மூணரை வருஷம் வரை பார்த்தாங்க. 2008-ல் வெளியானது. ஞாபகச் சரிவு கொஞ்சம் குறைஞ்சது, மனச்சோர்வும் குறைஞ்சது. பலன் சின்னதுதான், அதை ஊதிப் பெருசாக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனா அது விளக்கு மட்டும். காலை மாடியில் வெளிச்சம் இலவசம், பக்கவிளைவு மாடிப்படிதான். கைப்பிடி இருக்கான்னு பார்த்துக்குங்க.

ஃபைனல் இயர் நண்பர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. வருஷா வருஷம் நம்ம டிபார்ட்மெண்டில் "முதியோருக்கான ஸ்மார்ட் வாட்ச்" என்று நாலு டீமாவது ப்ராஜெக்ட் போடுது. விழுந்தா மெசேஜ் போகும், பட்டனை அழுத்தினா லொக்கேஷன் போகும். விழுந்தப்புறம்தான் அது பேசும். அதே ஆக்சிலரோமீட்டர், அதே மைக்ரோகண்ட்ரோலரை வைத்து எம்10, எல்5 கணக்கிட்டு, ஆறு மாசத்தில் அலை தட்டையாகிட்டு வருதான்னு குடும்பத்துக்குக் காட்டுங்களேன். கோடு இருநூறு வரி வராது. கிராஃபைப் பார்த்து நோய்ப் பெயர் சொல்ல மட்டும் முயற்சி பண்ணாதீங்க, அது டாக்டர் வேலை. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறதுக்குக் காரணம் சர்க்கரையா இருக்கலாம், ப்ராஸ்டேட்டா இருக்கலாம், குறட்டையோடு மூச்சு நின்னு நின்னு வர்றதா இருக்கலாம். இதெல்லாம் சிகிச்சை உள்ள விஷயங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை இதில் எதையும் தீர்க்காது. பகலையும் சேர்த்து மந்தமாக்கும், விழவும் வைக்கும்.

கடைசியா ஒன்று, இது ரிதம் சமாச்சாரமே இல்லை, ஆனா சேர்த்துக் குழப்பிக்கக் கூடாது. நேத்து வரைக்கும் நல்லா பேசின ஆயா, ரெண்டு நாளில் திடீர்னு ராத்திரி உளறி, ஆளை அடையாளம் தெரியாம, பகல் முழுக்க எழுப்ப முடியாமத் தூங்கினா, அதை "வயசு"லயும் சேர்க்காதீங்க, "டிமென்ஷியா"லயும் சேர்க்காதீங்க. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்பு குறையறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இப்படி ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும், பெரும்பாலும் சரி பண்ணக் கூடியது. விடியற வரைக்கும் காத்திருக்காம, சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கிட்டு, அடுக்கம்பாறையோ சிஎம்சியோ, எது பக்கமோ அங்கே கூட்டிக்கிட்டுப் போங்க.